மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருகிறதாம்!

செம்மண்: "எத்தனாலுக்குப் போகும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு தீவனமாகத் திரும்பிவிடுகிறது, உணவுக்குப் பாதிப்பே இல்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் எத்தனால் ஆலைக்குப் போகிறது. 2005இல் சட்டம் போட்டு, 2007இல் அதை விரிவாக்கி, பெட்ரோலில் எத்தனாலைக் கலந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதன் பலன் இது. மூன்றில் ஒரு பங்கு திரும்பினால் மீதி இரண்டு பங்கு எங்கே?

அளவுகோல்: எழுதியவன் நான்தான் ஐயா, பெயரைச் சொல்லியே கேட்கலாம். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 400 லிட்டர் எத்தனாலும் தீவனமாகத் திரும்பும் 300 கிலோ சக்கையும் கிடைக்கின்றன. நொதித்துப் போவது மாவுச்சத்து மட்டுமே. புரதமும் கொழுப்பும் சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. இதை மறைத்துவிட்டு 40 சதவீதம் என்று முழங்காதீர்கள்.

செம்மண்: தீவனத்தில் மக்காச்சோளத்தைச் சேர்ப்பதே அந்த மாவுச்சத்துக்காகத்தான்! நார் மிகுந்த சக்கையை மாடு அசைபோட்டுச் செரித்துவிடும். கோழிக்கு ஓரளவுக்கு மேல் கலக்க முடியாது. தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் சக்கையில் அது ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிந்து நிற்கும். தீவனம் கலப்பவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பங்கு பிரிக்கலாம்.

நீரோட்டம்: நண்பர்களே, பிரேசில் 1975 முதல் பெரிய அளவில் கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கிறது. அதையும் பேசலாமே?

செம்மண்: கரும்புக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். மீதி இரண்டு பங்கு எங்கே?

அளவுகோல்: பாமாயில் விவாதத்திலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

செம்மண்: தொங்கினேன், வென்றேன். 2030க்குள் பாமாயிலில் செய்யும் டீசலைக் கைவிடுவதென்று ஐரோப்பிய ஒன்றியமே முடிவெடுத்தது. அன்று நீங்கள் பதில் சொல்லாமல் போனது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அளவுகோல்: போனது வேலை இருந்ததால். காடழித்த பாமாயிலும் ஏற்கெனவே உழுத நிலமும் ஒன்றா? மக்காச்சோள விலை ஏறினால் விவசாயிக்கு நல்லதில்லையா?

செம்மண்: விலையோடு குத்தகையும் ஏறியது. சொந்த நிலம் உள்ளவருக்கு லாபம், குத்தகைக்கு உழுபவருக்குச் செலவு. உரமும் உழைப்பும் யாருடையவை?

நீரோட்டம்: 2007 சட்டத்தின் இலக்கு 2022க்குள் ஆண்டுக்கு 3,600 கோடி கேலன் உயிரி எரிபொருள். அதில் 1,600 கோடி கேலன் தாள், தட்டை, புல் போன்றவற்றிலிருந்து வரும் என்றார்கள், வரவில்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

செம்மண்: நல்ல செய்தி, ஆனால் இவர் தப்பிக்க வழி காட்டாதீர்கள். அளவுகோல் ஐயா, மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: மீதி இரண்டு பங்கு?

அளவுகோல்: ஒரு பங்கு எரிபொருள், ஒரு பங்கு கரியமில வாயு. பள்ளிப் பாடம் இது. முதலில் 40 என்ற எண்ணைத் திருத்துங்கள்.

செம்மண்: திருத்த மாட்டேன். ஆலைக்குள் போனது 40தான். நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஒரு பங்கு காற்றோடு போகிறது என்று!