பால் பாட்டில் 50 முறை சுற்றுமாம்! யார் எண்ணினது?

தராசு எழுதியது:
வேறொரு இழையில் வெண்சங்கு போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரி இது: "பாலைக் கண்ணாடி பாட்டிலில் வாங்குங்கள். ஒரு பாட்டில் 50 முறை சுற்றும், பூமிக்குத் துளி பாதிப்பு இல்லை." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. அந்த இழையைக் கெடுக்க வேண்டாம் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் ஏறத்தாழ அரைக் கிலோ. அதே ஒரு லிட்டர் பால் பிடிக்கும் பிளாஸ்டிக் பாக்கெட் ஆறேழு கிராம். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் 1500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால்தான் அந்த அரைக் கிலோ கண்ணாடி கிடைக்கும். உலையை ராத்திரியில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்கவும் முடியாது. இது துளி பாதிப்பா?

அப்புறம் அந்த 50. யார் எண்ணினது?

வெண்சங்கு எழுதியது:
வந்துவிட்டார் தராசார். என் பெயரைப் போட்டு இழை தொடங்காவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது போல.

எடையைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே, அந்த ஆறு கிராம் பாக்கெட் பால் தீர்ந்ததும் எங்கே போகிறது? சாக்கடையில், ஆற்றில், கடலில். ஆமையும் மீனும் தின்பது கண்ணாடியையா, பிளாஸ்டிக்கையா? கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. உடைந்த கண்ணாடியைக் கலந்து உருக்கினால் உலைக்கு எரிபொருளும் குறையும். கலவையில் பத்து சதவீதம் கூடினால் ஆற்றல் இரண்டரை, மூன்று சதவீதம் மிச்சம். இதையெல்லாம் உங்கள் தராசு காட்டாதா?

தராசு எழுதியது:
ஐயா, கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. 50 முறை. யார் எண்ணினது?

நானே கணக்குப் போடுகிறேன். கடைக்குப் போன 100 பாட்டிலில் 90 திரும்பி வந்தால் ஒரு பாட்டிலின் சராசரி ஆயுள் 10 சுற்று. 95 திரும்பினால் 20. உங்கள் 50 வர வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் 100-க்கு 98 திரும்பியாக வேண்டும். உடைவது, விளிம்பு தெறிப்பது, எண்ணெய் ஊற்றி வைத்ததால் கழுவியும் வாடை போகாதது, பூச்செடி வைத்துக்கொண்டது எல்லாம் சேர்த்து இரண்டே இரண்டுதான் போகலாம். எங்காவது நடக்கிற காரியமா?

காகிதப்பூ எழுதியது:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நடுவில் அட்டைப்பெட்டியை மறந்துவிட்டீர்கள். நான்கில் மூன்று பங்கு காகிதம், மரத்திலிருந்து வருவது, மரம் திரும்ப வளரும். பெட்டி பெட்டியாக இடைவெளி இல்லாமல் லாரியில் அடுக்கலாம். 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி நிரப்பிய பால் என்றால் மாதக்கணக்கில் குளிர்பெட்டி இல்லாமலே இருக்கும். அந்த மின்சாரம் மிச்சம்.

தராசு எழுதியது:
காகிதப்பூ, உங்களிடம் அப்புறம் வருகிறேன். மீதி ஒரு பங்கில் பாலிஎதிலீன் என்கிற பிளாஸ்டிக் இருக்கிறது, நீங்கள் சொல்கிற மாதக்கணக்குப் பெட்டியில் அலுமினியத் தகடும் இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கினால் காகித நார் பிரிந்துவிடும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியபடி மிஞ்சும். அதை யார் வாங்குவது? நாரும் ஒவ்வொரு மறுசுழற்சிக்கும் குட்டையாகிக்கொண்டே போகும். "மரம் வளரும்" என்று கவிதை எழுதலாம், சரி.

வெண்சங்கு, 50?

ஆமைவேகம் எழுதியது:
ஒரு சின்னச் சந்தேகம். பாதிப்பு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? ஒருவர் கார்பனைப் பேசுகிறார், ஒருவர் கடலில் மிதக்கும் குப்பையைப் பேசுகிறார், ஒருவர் மின்சாரத்தை. முதலில் அளவுகோலை முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுமே?

வெண்சங்கு எழுதியது:
@தராசு: பாட்டில் 50 முறை தாங்கும் என்பது ஊரறிந்த செய்தி. தடித்த கண்ணாடி, காஸ்டிக் சோடா கலந்த சுடுநீரில் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் நம்பாவிட்டால் பாட்டிலுக்கு என்ன நஷ்டம்?

தராசு எழுதியது:
பிடிபட்டார்! "சுற்றும்" என்று எழுதியவர் இப்போது "தாங்கும்" என்கிறார். தாங்குவது வேறு, சுற்றுவது வேறு. என் செருப்பு ஆயிரம் மைல் தாங்கும். கோயில் வாசலில் இரண்டாம் நாளே காணாமல் போனால் எத்தனை மைல் நடந்தது என்று பார்ப்பீர்களா, தாங்கும் என்று பார்ப்பீர்களா?

காஸ்டிக் சோடாவையும் சுடுநீரையும் நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அந்தத் தண்ணீரைச் சூடாக்குவதும் கார நீரைச் சுத்திகரித்து வெளியே விடுவதும் யார் கணக்கு? காலி பாட்டிலைத் திரும்ப ஏற்றிவரும் லாரி காற்றிலா ஓடுகிறது? பால் லாரியில் ஏறும் எடையில் மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி. பாலை விற்கிறோமா, கண்ணாடியை ஊர்வலம் விடுகிறோமா?

நெட்டைக்கொக்கு எழுதியது:
பாப்கார்ன் வாங்கிவிட்டேன். அது என்ன உறையில் வந்தது என்று யாரும் கேட்காதீர்கள்.

வெண்சங்கு எழுதியது:
செருப்பு உதாரணம் சொல்கிறவரோடு என்ன பேசுவது. இவர் யார் என்று புதியவர்களுக்குத் தெரியாது. துணிப்பை இழையில் இதே ஆள்தான் "துணிப்பையை 7100 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும், டென்மார்க் அரசின் 2018 அறிக்கையே சொல்கிறது" என்று மூன்று பக்கம் மிரட்டினார். அறிக்கையை எடுத்துப் பார்த்தால், 7100 என்பது எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்து அதில் மிக மோசமானதை எடுத்துக்கொண்ட எண். அதற்குக் காரணம் ஓசோன் படலம் சிதைவதைப் பற்றிய கணக்கு. பருவநிலை மாற்றத்துக்கு மட்டும் பார்த்தால் 52 முறை! 52-ஐ மறைத்து 7100-ஐக் காட்டிய கை, இன்று என் 50-ஐ எண்ணுகிறதாம்.

தராசு எழுதியது:
துணிப்பை இழையை இங்கே இழுக்காதீர்கள். அங்கே நான் சொன்ன எண் அறிக்கையில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. உங்கள் 50 எந்த அறிக்கையில் இருக்கிறது?

வெண்சங்கு எழுதியது:
52-ஐ ஏன் சொல்லவில்லை?

தராசு எழுதியது:
50-ஐ ஏன் சொன்னீர்கள்?

ஆமைவேகம் எழுதியது:
பார்த்தீர்களா, இதற்குத்தான் அளவுகோல் என்ன என்று கேட்டேன். 7100-ம் 52-ம் ஒரே பையைப் பற்றித்தான்...

புளியங்கொட்டை எழுதியது:
இவ்வளவு பேசுகிறீர்கள், பாலைப் பற்றி யாரும் பேசவில்லை. பூர், நெமெசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவு. ஒரு லிட்டர் பாலுக்குச் சராசரியாக மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயு. அதில் உறையின் பங்கு 0.1 கிலோ அளவு. மீதி பெரும்பாலும் மாடு விடும் மீத்தேன், தீவனம், சாணம், நிலம். நீங்கள் அடித்துக்கொள்வது நூற்றில் மூன்று பங்குக்கு.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு லிட்டர் பால் திரிந்து கொட்டினீர்கள் என்றால் முப்பது உறை சேமித்த புண்ணியம் ஒரேயடியாகப் போச்சு. எந்த உறையில் பால் கெடாமல் இருக்கிறதோ அதுதான் நல்ல உறை.

வெண்சங்கு எழுதியது:
மீத்தேன் கடலில் மிதக்குமா? ஆமையின் வயிற்றில் சிக்குமா? எல்லாவற்றையும் கார்பனாக மாற்றிவிட்டால் குப்பை மறைந்துவிடாது, நண்பரே.

தராசு எழுதியது:
புளியங்கொட்டை சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு. கொட்டிப் போகும் பாலைக் கணக்கில் எடுத்தால் கண்ணாடி இன்னும் தோற்கும். நிறமில்லாத பாட்டிலில் வெளிச்சம் நேராக உள்ளே போகும், ரைபோஃப்ளேவின் என்கிற வைட்டமின் சிதையும், பாலில் ஒரு மாதிரி வாடை வரும். அட்டையில் அந்தத் தொல்லை இல்லை.

காகிதப்பூ எழுதியது:
ஆகா, இப்போது அட்டை நல்லதாகிவிட்டதா? கொஞ்ச நேரம் முன்னால் கவிதை என்றீர்கள்.

தராசு எழுதியது:
வெளிச்சத்தைப் பொறுத்தவரை சொன்னேன். முழுதாகப் படித்துவிட்டுப் பேசவும்.

புளியங்கொட்டை எழுதியது:
நான் யார் பக்கத்துக்கும் சொல்லவில்லை. என்னை விடுங்கள்.

பச்சைநாற்று எழுதியது:
மாட்டுப் பாலையே விட்டுவிட்டால் இந்தச் சண்டையே இல்லையே. அதே ஆய்வில் ஓட்ஸ் பால், சோயா பால் இரண்டும் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழேதான்.

நெட்டைக்கொக்கு எழுதியது:
இதுவரை நான்கு பேர் நான்கு திசையில் அடித்துக்கொண்டார்கள். பச்சைநாற்று வந்து நால்வரையும் ஒன்றாக்கப் போகிறார், பாருங்கள்.

வெண்சங்கு எழுதியது:
ஓட்ஸ் பால் எதில் வருகிறது? அலுமினியம் ஒட்டிய அட்டையில். முதலில் அதைப் பாட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் எங்களுக்குப் புத்தி சொல்லலாம்.

தராசு எழுதியது:
முதல் முறையாக வெண்சங்கு சொன்னதில் பாதி சரி. பாட்டிலுக்கு மாற்றச் சொன்ன மீதிப் பாதி வழக்கம்போல.

காகிதப்பூ எழுதியது:
அட்டையை ஏன் எல்லோரும் அடிக்கிறீர்கள்? குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கூரை மாதிரி மடித்த அட்டைப்பெட்டியில் அலுமினியமே கிடையாது. எல்லா அட்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு...

தராசு எழுதியது:
அலுமினியம் இல்லாவிட்டால் குளிர்பெட்டி வேண்டும். குளிர்பெட்டி இல்லாவிட்டால் அலுமினியம் வேண்டும். இரண்டு பெட்டியின் நல்லதையும் சேர்த்து ஒரு பெட்டியாகக் காட்டினீர்கள், நான் சும்மா இருந்தேன். இனி இருக்க மாட்டேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:
இழையின் தலைப்பு பால் உறைகள். துணிப்பை, செருப்பு, உணவுமுறை வேண்டாம். தனிநபர் தாக்குதலைத் தவிர்க்கவும்.

வெண்சங்கு எழுதியது:
மட்டுறுத்துநர் ஐயா, செருப்பைக் கொண்டுவந்தது நான் இல்லை.

தராசு எழுதியது:
துணிப்பையைக் கொண்டுவந்தது நான் இல்லை. பாட்டிலுக்கே வருகிறேன். எடைக்கு எடை பார்த்தால் பிளாஸ்டிக் செய்யத்தான் அதிக ஆற்றல் ஆகும், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பாட்டில் எடையில் எழுபது, எண்பது பாக்கெட் செய்யலாம். அந்த இடைவெளியை அடைக்கப் பாட்டில் பல பத்து முறை திரும்பி வர வேண்டும். 20 சுற்றில் அடையாது. ஆகவே 50 என்பது சும்மா ஓர் எண் இல்லை, வெண்சங்கின் வாதம் முழுவதும் அந்த ஒரு காலில்தான் நிற்கிறது. அந்தக் காலைக் காட்டுங்கள் என்கிறேன்.

வெண்சங்கு எழுதியது:
பாக்கெட்டை வெட்டும்போது மூலைத்துண்டு தனியாக விழுகிறதே, அது எங்கே போகிறது என்று காட்டுங்கள், நான் காலைக் காட்டுகிறேன். பொறுக்குகிறவர் கைக்கே அகப்படாது. பாக்கெட்டையும் பால் பிசுக்கோடு புளித்த நாற்றத்தோடு எவன் எடுத்து மறுசுழற்சி செய்வான்? எல்.டி.பி.ஈ. (அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன்), முக்கோணத்துக்குள் எண் 4, மறுசுழற்சிக்கு உகந்தது என்று அச்சடித்தால் ஆயிற்றா?

தராசு எழுதியது:
துண்டாக வெட்டாமல் கீறிவிட்டுத் திறந்தால் மூலை ஒட்டியே இருக்கும். பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் எடுப்பார்கள். பாட்டிலைக் கழுவித் திருப்பித் தருகிற ஒழுக்கம் மக்களுக்கு உண்டு, பாக்கெட்டைக் கழுவுகிற ஒழுக்கம் மட்டும் கிடையாதா? எந்த ஊர் நியாயம்?

வெண்சங்கு எழுதியது:
பாட்டிலுக்கு டெபாசிட் உண்டு. காசு திரும்பக் கிடைக்கும் என்றால் எல்லோருக்கும் ஒழுக்கம் வரும். பாக்கெட்டுக்கு யார் டெபாசிட் வாங்குகிறார்?

ஆமைவேகம் எழுதியது:
இது நல்ல கேள்வி. அப்படியானால் பிரச்சினை பொருளில் இல்லை, திரும்ப வாங்கும் ஏற்பாட்டில் இருக்கிறது என்று சொல்லலாமா?

தராசு எழுதியது:
சொல்லக் கூடாது. டெபாசிட் வைத்தும் 100-க்கு 98 வருகிறதா? அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

புதுவரவு எழுதியது:
வணக்கம், இங்கே முதல் பதிவு. முழுதும் படித்தேன். தானியங்கி இயந்திரத்தில் நம் பாத்திரத்தை வைத்துப் பால் பிடித்துக்கொண்டால் உறையே வேண்டாமே?

வெண்சங்கு எழுதியது:
வருக. அருமையான யோசனை. பாத்திரம் கண்ணாடியாக இருந்தால் இன்னும் நல்லது.

தராசு எழுதியது:
இயந்திரத்துக்குக் குளிரூட்டும் மின்சாரம், குழாய் கழுவும் தண்ணீர், பால் பிடிக்க நீங்கள் வண்டியில் போய்வரும் பெட்ரோல் மூன்றையும் எழுதிவிட்டு வாருங்கள், பேசலாம்.

புதுவரவு எழுதியது:
நடந்துதான் போவேன் சார்.

தராசு எழுதியது:
எல்லோரும் நடப்பார்களா? 100-க்கு எத்தனை பேர்?