எம்87: 2019 படத்தில் ஜெட் எங்கே போச்சு?

பிளஸ்டூ_வாத்தியார்
எம்87 கேலக்ஸியின் இரண்டு படங்களை ஒரே ஸ்லைடில் போட்டிருந்தேன். ஒன்று 2019 ஏப்ரலில் வந்தது, நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி ஆரஞ்சு ஒளி வளையம். மற்றது ஹப்பிள் எடுத்தது, நடுவிலிருந்து நீலமாக ஒரு கோடு பாய்கிறது; அதுதான் ஜெட், கருந்துளைப் பக்கமிருந்து பீய்ச்சிடும் துகள்களின் தாரை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள்: "அந்தக் கோடு வளையத்துக்கிட்டயிருந்துதானே சார் கிளம்பணும்? முதல் படத்துல ஏன் இல்ல?" என்ன சொல்லலாம்?

தெற்குவானம்
ஜெட் நம்மைப் பார்த்து வருது சார். நீளம் தெரியாது. அவ்வளவுதான்.

ஃபோட்டான்_கணக்கு
அவ்வளவுதான் இல்லை. ஜெட் நம் பார்வைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 17 பாகை விலகி வருது. ஹப்பிளில் நீளம் தெரியுதே! எதிர்ப்பக்கம் போற ஜெட் ஏன் கண்ணில் படவில்லைன்னு கேட்டிருந்தா இந்தக் கோணம் பதிலாகும்.

சார், முதலில் அளவைச் சொல்லுங்க. ஹப்பிள் படத்தில் ஜெட் சுமார் 20 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நீளம். வளையத்தின் விட்டம் 42 மைக்ரோ ஆர்க்செகண்ட், அதாவது ஆர்க்செகண்டில் பத்து லட்சத்தில் 42 பங்கு. நாலரை லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம், ஸ்லைடில் ரெண்டும் ஒரே சைஸ்.

ஆனா அடிப்பகுதியாவது தெரியணுமேன்னு அந்தப் பொண்ணு விடமாட்டா. விடவும் கூடாது. வளையத்தைப் படம் எடுத்த இவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப், பல ரேடியோ தொலைநோக்கிகளின் கூட்டு, 2017இல் 1.3 மி.மீ. அலைநீளத்தில் பார்த்தது. ஆறு இடங்களில் எட்டுத் தொலைநோக்கிகள்; ஜோடி ஜோடியாத்தான் அவை வேலை செய்யும், ஆனா ஜோடிகளுக்கு நடுவே இடைவெளி ஒண்ணு ரொம்பக் குறைவு, இல்லேன்னா ரொம்ப அதிகம். பரவிக் கிடக்கிற மங்கல் ஒளியைப் பிடிக்க நடுத்தர இடைவெளியில் ஜோடிகள் வேணும், அது போதுமான அளவு இல்லை. 2018இல் சிலியிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கியையும் கிரீன்லாந்து தொலைநோக்கியையும் சேர்த்து 3.5 மி.மீ.யில் எடுத்த படம் 2023இல் வந்தது. அதில் வளையமும் ஜெட்டின் அடியும் சேர்ந்தே தெரியும். மூணாவதா அதைப் போடுங்க.

பிளஸ்டூ_வாத்தியார்
அருமை. அப்போ ரேடியோவிலேயே இன்னும் கூர்மையாகப் பார்த்தால் போதாதா? எக்ஸ்ரே, காமா என்று ஏன் போகிறார்கள்?

ஃபோட்டான்_கணக்கு
என் பைத்தியம் இங்கேதான் ஆரம்பிக்குது. சந்திரா என்ற எக்ஸ்ரே விண்தொலைநோக்கி எடுத்த எம்87 தரவோடதான் என் முனைவர் பட்டக் காலத்தில் பாதி போச்சு.

மையத்திலிருந்து 0.86 ஆர்க்செகண்ட் தள்ளி எச்.எஸ்.டி-1 என்று ஜெட்டில் ஒரு முடிச்சு, அதாவது பிரகாசமான திட்டு. 2005இல் அது எக்ஸ்ரேயில் 50 மடங்குக்கு மேல் ஏறி மையத்தையே மிஞ்சிடுச்சு. சந்திராவின் டிடெக்டரில் ரெண்டு ஃபோட்டான் ஒண்ணா எண்ணப்படுற நெரிசல். அந்த வருஷத்து ஃபைலைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அதே 2005இல் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள், டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ரொம்ப அதிக சக்தியுள்ள காமா கதிர்களில் எம்87 சில நாட்களுக்குள் கூடிக் குறைவதைப் பார்த்தன. எங்கிருந்து வந்தது? மையமா, முடிச்சா? அவை பிரிச்சுப் பார்க்கிற நுணுக்கம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்; முழு ஜெட்டும் அதுக்குள்ளே அடங்கிடும். இடம் சொல்லத் தெரியாத கருவியை நேரத்தை வச்சுத்தான் மடக்கணும். 2008இல் காமா எகிறினப்போ ரேடியோவில் விஎல்பிஏ என்ற அமெரிக்கத் தொலைநோக்கி வரிசை பார்த்துக்கிட்டிருந்தது, மையம் பிரகாசமாச்சு. சந்திராவிலும் மையம் உச்சத்தில், முடிச்சு அடங்கிக் கிடந்தது. அந்த முறை மையம்தான்னு சொல்ல முடிஞ்சது. 2005 விஷயத்தில் முடிச்சு மேல எனக்கு இன்னும் சந்தேகம் போகலை.

அதனாலதான் 2017இல் வளையத்தைப் படம் எடுத்த அதே சமயத்தில் 19 ஆய்வகங்கள் ரேடியோ முதல் காமா வரை சேர்ந்து பார்த்தன. எம்87 அப்போ காமாவில் சமர்த்தா இருந்தது. 2018இல்தான் வெடிச்சுது.

தெற்குவானம்
கோணம் விஷயம் புரிஞ்சுது அண்ணா. முடிச்சு அவ்வளவு தள்ளி இருக்கே, அங்க எக்ஸ்ரே எப்படி? கருந்துளைகிட்ட கிளம்பின எலக்ட்ரான்களா?

ஃபோட்டான்_கணக்கு
இல்லை தம்பி. காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ்ரே விடுற எலக்ட்ரான் சில வருஷங்களில், மிஞ்சினா சில பத்தாண்டுகளில் சக்தி தீர்ந்துடும். ஜெட்டோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளம். அதனால் வழியிலேயே புதுசா முடுக்கப்படணும். அதிர்ச்சி அலையா, காந்தக்கோடுகள் அறுந்து ஒட்டுறதாலயா என்பதில் இன்னும் சண்டை ஓயலை. ரேடியோ விடுற எலக்ட்ரான்கள் நிதானமாச் செலவழிக்கும், ரொம்பத் தூரம் தாங்கும்.

வாத்தியார் சார், அந்த வளையத்துக்கு ஆரஞ்சு நிறம் மனுஷங்க போட்டதுன்னும் வகுப்பில் சொல்லிடுங்க. இல்லேன்னா அடுத்த கேள்வி அதுதான்.