புதுப்பிப்பு: பழைய டி-ஷர்ட்டில் தைத்த டாப், அலை அலையாக நின்ற கழுத்து சரியாகிவிட்டது

பெரிய சைஸ் டி-ஷர்ட்டை வெட்டி அகலக் கழுத்து டாப் தைத்தால் கழுத்து படியாமல் நிற்கிறது, தையலும் நடுநடுவே விட்டுப்போகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டுமே தீர்ந்தது.

முதலில் ஊசி. மெஷினில் 75/11 அளவு பால்பாயிண்ட் ஊசி போடச் சொன்னவர் சொன்னதுதான் சரி. அதன் முனை உருண்டை என்பதால் பின்னல் நூலைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்குகிறது. மாட்டியதும் தையல் விடுவது நின்றது.

கழுத்துக்குக் கைகொடுத்தது 85 சதவீதக் கணக்கு, அதாவது கழுத்து விளிம்பில் வைத்துத் தைக்கும் துணிப் பட்டையின் நீளம் கழுத்துச் சுற்றளவில் 85 சதவீதம். கழுத்துச் சுற்றளவு 60 செ.மீ. என்றால் பட்டை 51 செ.மீ., அதோடு இணைப்புத் தையலுக்கு 2 செ.மீ. பட்டையைக் குறுக்குவாக்கில் வெட்டுங்கள், துணி அந்தப் பக்கம்தான் நன்றாக இழுபடும். பட்டை, கழுத்து இரண்டையும் நான்காகப் பிரித்துக் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துப் பின் குத்தினேன். அப்புறம் பட்டையை மட்டும் இழுத்துப் பிடித்து, குறுகலான ஜிக்ஜாக் தையல். கழுத்துத் துணியை இழுத்தால் பழைய கதைதான். தைத்து முடித்தபோதும் சுருக்கம் இருந்தது. நீராவி இஸ்திரி காட்டியதும் அடங்கிவிட்டது.

எதிர்பாராத ஒன்று: மார்பில் இருந்த ரப்பர் பிரிண்ட் இழுபடவே இல்லை. அங்கே இறுக்கமாகிவிட்டதால் பக்கத் தையலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. பிரிண்ட் உள்ள டி-ஷர்ட் என்றால் முதலிலேயே கூடுதல் இடம் விட்டு வெட்டுங்கள். இஸ்திரியும் உட்புறமாகத்தான், இல்லாவிட்டால் பிரிண்ட் ஒட்டிக்கொள்ளும்.

கீழ் விளிம்பை மடித்துத் தைக்கவில்லை. தானாகச் சுருண்டு நிற்கிறது, அதுவே அழகாகத்தான் இருக்கிறது.