வண்ணத்துப்பூச்சி மீனின் டி.என்.ஏ நொறுங்குகிறது: உதவி தேவை

பாசிக்குடா மாணவன்:
இங்குள்ள முருகைக்கற்பாறையில் வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனுக்கு மேற்கோள் மரபணுத்தொகை (அந்த இனத்தின் முழு டி.என்.ஏ வரிசையையும் கொண்ட ஒப்பீட்டுப் பிரதி) உருவாக்க முயல்கிறேன். துடுப்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்த டி.என்.ஏ, ஜெல்லில் பட்டையாக நிற்காமல் கீழ்வரை இழுபட்டுக் கிடக்கிறது. நீண்ட டி.என்.ஏ இழைகளை வாசிக்கும் நானோபோர் கருவியின் வாசிப்புகளில் பெரும்பாலானவை 2,000 காரச் சோடிகளைத் தாண்டவில்லை. டி.என்.ஏயின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதமும் 1க்குக் கீழே. ஆனால் இனத்தை அடையாளம் காண சி.ஓ.ஐ மரபணுத் துண்டைப் பெருக்கும் பார்கோட் பி.சி.ஆர் குறையின்றி வருகிறது! மீன் படகில் ஐஸ் பெட்டிக்குள் இறந்து, பிற்பகலில்தான் எதனோலுக்குள் போகிறது. பிரித்தெடுக்கும் கிற்றை மாற்ற வேண்டுமா? விலை கைக்கு எட்டாதது.

கல்லடி அண்ணன்:
கிற்றில் பணத்தைக் கொட்டாதீர்கள் தம்பி. பார்கோட் துண்டு ஏறக்குறைய 650 காரச் சோடி நீளந்தான், நொறுங்கிய டி.என்.ஏயிலும் அது பெருகும். மீன் இறந்ததும் கலத்தின் நொதியங்களே டி.என்.ஏயை வெட்டத் தொடங்கிவிடும். தடித்த தசைக்குள் எதனோல் ஊறுவதற்கும் நேரம் பிடிக்கும்.

மீன் உயிருடன் ஆய்வுகூடம் வரட்டும். அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகளிடம் கேளுங்கள். பொலித்தீன் பையில் கடல்நீரும் ஒட்சிசனும் அடைத்துக் கட்டுவது அவர்களுக்குக் கைவந்த தொழில். கராம்பு எண்ணெயில் மயக்கி, வாலடி நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து உடனே குளிர்ந்த தூய எதனோலில் கலந்துவிடுங்கள். மீனின் செங்குருதிக் கலங்களில் கரு உண்டு, நம்முடையவற்றில் இல்லை. ஆகவே சில மைக்ரோலீற்றர் இரத்தமே ஏராளமான டி.என்.ஏ தரும்.

வந்தாறுமூலை அக்கா:
அண்ணன் சொன்னது சரி. 260/230 குறைவதற்கு மீனின் மேற்சளியும் காரணமாகலாம். அதிலுள்ள சக்கரைட்டுகள் (சர்க்கரைச் சேர்மங்கள்) கூடவே வந்துவிடும். இரத்தத்தில் அந்தத் தொல்லை குறைவு. வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம், வாய் அகன்ற பிப்பெற் முனையால் மெதுவாக எடுங்கள்.

பாசிக்குடா மாணவன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஒரு மீன் போதுமா? பல மீன்களின் இரத்தத்தைச் சேர்க்கலாமா?

வந்தாறுமூலை அக்கா:
சேர்க்கவே கூடாது. தனியன்களுக்கிடையிலான வேறுபாடுகளால் ஒரே பகுதி இரண்டு மூன்று பிரதிகளாகத் தோன்றி, வாசிப்புகளை இணைத்து உருவாக்கும் தொகுப்பு வீங்கிவிடும். ஆரஞ்சுக் கோமாளி மீனின் மரபணுத்தொகையை 24 நிறமூர்த்தங்களாக அடுக்கியபோது, நீள்வாசிப்புகளுடன் ஹை-சி (கருவுக்குள் எந்த டி.என்.ஏ பகுதிகள் அருகருகே உள்ளன எனக் காட்டும் முறை) தரவும் தேவைப்பட்டது. நீங்களும் அந்த வழியில் போவதென்றால், அதே மீனின் மண்ணீரலையும் தசையையும் சிறு துண்டுகளாக்கி உடனே உலர்பனியில் உறையவையுங்கள். உடலை அடையாள மாதிரியாகப் பேணுங்கள். நிறம் மங்குமுன் படம் எடுத்துவிடுங்கள். பிடிப்பதற்கு முன் வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.