மார்க்கெஸுக்கு இரண்டு சாம்பியன்ஸ் லீக் என்று யார் சொன்னது?

மஞ்சள் அட்டை:
பக்கத்து இழையில் ஒரு அறிவாளி எழுதியிருக்கிறார்: "ரஃபா மார்க்கெஸ் இரண்டு சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் கோப்பை) வென்ற டிஃபெண்டர், மெக்ஸிகோவுக்கு அவரைவிட நல்ல கோச் கிடைக்க மாட்டார்." அதற்குக் கைதட்டல் வேறு. 2009 இறுதிப் போட்டியில், ரோமில், அவருடைய கிளப் பார்சிலோனா மான்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று வென்றபோது மார்க்கெஸ் ஆடவில்லை, முழங்கால் காயம். ஆடாத இறுதிப் போட்டியை எப்படிச் சேர்க்கிறீர்கள்? அவருக்கு ஒன்றுதான். 2006, பாரிஸ், ஆர்சனலுக்கு எதிராக.

ஆஸ்டெக்கா ரசிகன்:
அந்த அறிவாளி நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சம் எதற்கு? அந்தக் காயம் எங்கே பட்டது? செல்சியுடன் அரையிறுதியில், கேம்ப் நோவில். அதுவரை அந்தத் தொடரில் ஆடியவர் அவர்தானே? 1999ல் மான்செஸ்டர் யுனைடெட் வென்ற இறுதிப் போட்டியில் அவர்களின் ராய் கீனும் ஸ்கோல்ஸும் தடையால் ஆடவில்லை. அவர்களுக்கு அந்தக் கோப்பை இல்லை என்று எந்த யுனைடெட் ரசிகரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

மஞ்சள் அட்டை:
கீனைப் பற்றி யார் கேட்டது? ரோமில் ஆடினாரா, இல்லையா?

நடுக்கோடு:
சாம்பியன்ஸ் லீக்கை விடுங்கள் சார். 2002 முதல் 2018 வரை ஐந்து உலகக் கோப்பைகளிலும் மெக்ஸிகோவுக்குக் கேப்டன் பட்டை கட்டியவர். 2006ல் அர்ஜென்டினா, 2010ல் தென்னாப்பிரிக்கா, 2014ல் குரோஷியா என்று மூன்றில் கோலும் அடித்தார். டிஃபெண்டருக்கு இது போதாதா?

மஞ்சள் அட்டை:
பட்டியலைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 2002ல் அமெரிக்காவுடன் கோபி ஜோன்ஸைத் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கியது யார்? 2014ல் போர்ட்டலேசாவில் கடைசி நேரத்தில் நெதர்லாந்தின் ராபனுக்குக் கால் கொடுத்துப் பெனால்டி தானம் செய்தது யார்?

கோல்கம்பம்:
அது பெனால்டி இல்லை!! ராபன் அதே ஆட்டத்தின் முதல் பாதியில் நடித்து விழுந்ததை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

மஞ்சள் அட்டை:
முதல் பாதியில் நடித்தால் இரண்டாம் பாதியிலும் நடிப்புத்தானா? நல்ல நீதி. கால் பட்டது. ஹூன்டெலார் அடித்தார். மெக்ஸிகோ வீட்டுக்குப் போனது.

கோல்கம்பம்:
கால் பட்டது, ஆனால் அந்தப் பறத்தல்? விமான நிலையத்தில் விமானம்கூட அப்படி ஏறாது.

ஆஸ்டெக்கா ரசிகன்:
ரோம் கேள்வியில் மாட்டியதும் ராபனுக்குத் தாவிவிட்டார் பாருங்கள். போன வருடம் ஹூகோ சான்செஸ் இழையிலும் இதே வேலைதான்.

மஞ்சள் அட்டை:
ஹூகோ சான்செஸா? நல்லதாகப் போச்சு. ரியல் மாட்ரிட்டில் கோல் மழை பொழிந்தவர், 2004ல் மெக்ஸிகோ கிளப் பூமாஸுக்கு அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கித் தந்த கோச். தேசிய அணிக்கு வந்து என்ன ஆனது? ஒலிம்பிக் தகுதியே கிடைக்காமல் 2008ல் வேலை போனது. மார்க்கெஸ் கோச்சாக அந்த அளவுகூட வாங்கவில்லை. பார்சிலோனா பி அணியில் இரண்டு வருடம் இருந்தார். 2023ல் மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான பிளேஆஃபில் ரியல் மாட்ரிட்டின் பி அணியான காஸ்டியாவை முதல் ஆட்டத்தில் 4-2 என்று ஜெயித்துவிட்டு அடுத்ததில் 3-0 என்று தோற்றார். 2024 பிளேஆஃபில் கோர்டோபா கிளப்பிடம் கதை முடிந்தது. இரண்டு பிளேஆஃப், மேலே ஏறியது பூஜ்யம்.

நடுக்கோடு:
பி அணி எதற்கு இருக்கிறது? பையன்களைத் தயார்செய்து மேலே அனுப்பத்தான். பார்சிலோனா முதல் அணிக்குப் போன டிஃபெண்டர் குபார்சி எங்கிருந்து வந்தார்? அப்போதைய முதல் அணிக் கோச் சாவி நல்ல பையன்களை முதல் அணிக்கு எடுத்துக்கொண்டால் மிச்சமிருப்பவர்களை வைத்து எவர் பட்டம் வாங்குவார்?

மஞ்சள் அட்டை:
குபார்சியைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்தவர் மார்க்கெஸா? அகாடமிக்குக் கொஞ்சம் புண்ணியம் விட்டுவையுங்கள்.

ஆஸ்டெக்கா ரசிகன்:
2002ல் 23 வயதுப் பையனிடம் கேப்டன் பட்டையைக் கொடுத்த அதே மெக்ஸிகோ கோச் அகிரே, 2024ல் திரும்ப வந்தபோது அவரைப் பக்கத்தில் உதவியாளராக உட்கார வைத்துக்கொண்டார். 2026 உலகக் கோப்பைக்குப் பிறகு அணி மார்க்கெஸ் கையில் என்பதுதான் மெக்ஸிகோ சம்மேளனம் அப்போது அறிவித்த திட்டம். அகிரேயைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

மஞ்சள் அட்டை:
பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் கோச் ஆகிவிடலாம், வீட்டில் காயத்தோடு உட்கார்ந்தால் சாம்பியன் ஆகிவிடலாம். உங்கள் கணக்கே தனி. ரோமில் ஆடினாரா?

கோல்கம்பம்:
ஆடவில்லை சரி, அதனால் என்ன நடந்தது? நடுக்களத்துக்காரர் யாயா டூரேயை இழுத்து டிஃபெண்டர் பிக்கே பக்கத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. மார்க்கெஸின் அருமை அதிலேயே தெரியவில்லையா?

மஞ்சள் அட்டை:
நிறுத்தினார்கள், ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தார்கள். ஆக அவர் இல்லாமலே நடந்திருக்கிறது. உதாரணத்துக்கு நன்றி.

நடுக்கோடு:
மெக்ஸிகோவின் லியோன் கிளப்பில் கேப்டனாக இருந்து அபெர்த்துரா 2013, கிளவுசுரா 2014 என்று அரையாண்டு லீக்குகளில் தொடர்ந்து இரண்டு பட்டம் வாங்கினாரே, அதையாவது...

மஞ்சள் அட்டை:
அதற்கு முன் நியூயார்க் கிளப்பில் வாங்கின பட்டத்தையும் சொல்லுங்களேன். ஓ, இல்லையா?

கோல்கம்பம்:
ரோமில் பார்சிலோனா கேப்டன் புயோலை வலது பக்கம் தள்ளியது மட்டும் சரியா? யுனைடெட்டின் ரொனால்டோ அங்கே புகுந்திருந்தால் உங்கள் யாயா டூரே கதை நாறியிருக்கும்.

மஞ்சள் அட்டை:
புயோலுக்கு வலது பக்கம் புதுசா? அவர் மேலே வந்ததே வலது பக்க டிஃபெண்டராகத்தான். இது தெரியாதவரோடா இவ்வளவு நேரம் பேசினேன்? புயோலுக்குத் தனி இழை போடுகிறேன். கோல்கம்பம், ஓடிவிடாதீர்கள்.