அமெரிக்காவுக்கு அனுப்பிய தோல் பைக்கு 52 டாலர் கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி (2025 செப்டம்பர்)

வணக்கம். தோல் கைப்பைகளைக் கையால் தைத்து இணையத்தில் விற்கிறேன். 4 வருடமாக அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன். வாங்கியவர்கள் இதுவரை தீர்வை (இறக்குமதி வரி) என்று எதுவும் கட்டியதில்லை. இந்த மாதம் போன பைக்கு வாசலில் வைத்தே 52 டாலர் கேட்டிருக்கிறார்கள். தீர்வை 30.40, மீதி 21.60 கூரியரின் கையாளல் கட்டணம். பைக்கு ஆர்டர் கொடுத்த அம்மா வாங்க மறுத்துவிட்டார். பழைய வாடிக்கையாளர் என்பதால் மனசு கேட்கவில்லை.

இன்வாய்ஸில் நான் எழுதியது: "தோல் பை 1, அனுப்பும் செலவு உட்பட 160 டாலர்". எங்கள் நாட்டுப் பொருளுக்கு அமெரிக்காவின் புதிய தீர்வை 10 சதவீதம் என்றுதானே சொன்னார்கள், இது எப்படி 30.40 ஆனது? "பரிசு" என்று எழுதி அனுப்பலாமா?

பதில் 1

800 டாலர் வரையிலான பொருளுக்கு இருந்த தீர்வை விலக்கு ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் போய்விட்டது. சீனா, ஹாங்காங் சரக்குக்கு மே 2-ஆம் தேதியே போனது. விலக்கு இருந்தவரை அடிப்படைத் தீர்வையும் உங்கள் கண்ணில் படவில்லை. 20 டாலருக்கு மேற்பட்ட தோல் கைப்பைக்கு அது 9 சதவீதம். அதோடு புதிய 10-ஐக் கூட்டினால் 19. 160-க்கு 19 சதவீதம் 30.40, கணக்கு சரிதான்.

ஆனால் மதிப்பில் கோட்டை விட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் போக்குவரத்துச் செலவை அமெரிக்க சுங்கம் பொருளின் மதிப்பில் சேர்ப்பதில்லை. இன்வாய்ஸில் அது தனிப் பதிவாக, உண்மையான தொகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அனுப்ப எவ்வளவு ஆனது?

கேட்டவர்

40 டாலர். ரசீது இருக்கிறது.

பதில் 1

அப்படியென்றால் மதிப்பு 120, தீர்வை 22.80. திருத்திய இன்வாய்ஸையும் ரசீதையும் கூரியரின் சுங்கப் பிரிவுக்கு இன்றே அனுப்புங்கள். பை திரும்பக் கிளம்பிவிட்டால் இதற்கு வழியில்லை.

பதில் 2

பரிசு என்று மட்டும் எழுதாதீர்கள். 100 டாலர் வரையிலான உண்மையான பரிசுக்குத்தான் அந்த விலக்கு. விற்ற பொருளை அப்படி எழுதினால் அது பொய்ப் பிரகடனம். ஒருமுறை சிக்கினால் உங்கள் பெயரில் வரும் ஒவ்வொரு பொதியையும் பிரிப்பார்கள்.

அஞ்சலில் போனால் இப்போதைக்கு அந்த 9 சதவீதம் சேராது. ஆனால் நாட்டுக்குரிய சதவீதத்துக்குப் பதிலாக, 2026 பிப்ரவரி வரை, ஒரு பொருளுக்கு 80 டாலர் என்று வசூலிக்கும் முறையும் உண்டு (அந்தச் சதவீதம் 16-க்குக் கீழ் உள்ள நாடுகளுக்கு). எந்த முறை என்று முதலில் விசாரியுங்கள். ஆகஸ்ட் கடைசியில் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்கப் பொதிகளையே நிறுத்தி வைத்தன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

திருத்திய இன்வாய்ஸ் அனுப்பிவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். தீர்வையையும் கட்டணத்தையும் நானே கட்டுகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன், வாங்கிக்கொள்கிறேன் என்றார். இனி தீர்வையைச் சேர்த்தே விலை போடலாம் என்றிருக்கிறேன். கட்டும் தீர்வையை வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

பதில் 1

விற்பனைச் செலவாக எழுதுங்கள். வேறு நாட்டுச் சுங்கத்துக்குக் கட்டியது என்பதால் உள்ளீட்டு வரி (தொழிலுக்குப் பொருள் வாங்கும்போது உள்நாட்டில் கட்டும் வரி) போலத் திரும்ப எடுக்க முடியாது. கூரியர் தரும் தீர்வை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விலையில் சேர்த்தாலும் இன்வாய்ஸில் பொருள், போக்குவரத்து, தீர்வை மூன்றையும் தனித்தனிப் பதிவாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே தொகையாகப் போட்டால் தீர்வைக்கும் சேர்த்துத் தீர்வை போடுவார்கள்.