மச்சின் மேல் மரநாய்: ஓட்டு வீட்டுக்காரர்களின் அனுபவப் பகிர்வு

இரணியல் மருமகள்:

ஓட்டு வீட்டில் ஒரு மழைக்காலத்தையாவது கழித்தவர்களுக்கு, இரவில் மரமும் கூரையும் ஏறித் திரியும் புனுகுப்பூனை இனமான மரநாயைப் பற்றி விளக்கம் தேவையில்லை என்பதால், நேராக நிகழ்ச்சிக்கே வருகிறேன். எங்கள் மாமியார் வீட்டு நடு அறையில் மச்சுப் பலகைகள் சில கரையான் அரித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை மாற்ற வந்த ஆசாரி, ஏணியில் ஏறி முதல் பலகையை நெம்பி எடுத்து, கைவிளக்கை உள்ளே நீட்டியவர் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். கேட்டும் பதில் வராததால் நான் பத்தாயத்தின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். பழைய பாய்ச் சுருளின் மேல் கண் திறக்காத குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தாய், குட்டிகளுக்கும் விளக்குக்கும் நடுவே வந்து நின்றது. அது சீறவும் இல்லை, ஓடவும் இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஆசாரி ஒன்றும் பேசாமல் பலகையை இருந்த இடத்திலேயே பொருத்திவிட்டு, உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றிரவு நல்ல மழை. மறுநாள் மச்சில் எந்த அரவமும் இல்லை. பலகையை மறுபடி எடுத்தபோது பாய்ச் சுருள் மட்டும் கிடந்தது. ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு தென்னங்கொண்டைக்குப் போயிருக்கும் என்று மாமியார் சொன்னார். அந்த மழையில் எல்லாக் குட்டிகளும் போய்ச் சேர்ந்தனவா என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

பனையேறி மகன், ராஜாக்கமங்கலம்:

அக்கா சொன்ன அந்தப் பார்வையை நானும் கண்டிருக்கிறேன், பனையின் உச்சியில். அக்கானி என்று நாங்கள் சொல்லும் பதநீர் இறக்கும் காலத்தில் அப்பா விடியுமுன்பே ஏறத் தொடங்கிவிடுவார். கீழே குடத்துடன் நிற்பது என் வேலை. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயங்கள் பாளைகளில் தொங்கும். சில நாள்களில் கலயம் பாதிதான் இருக்கும், ஓரத்தில் உரோமம் ஒட்டியிருக்கும். யார் குடித்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று அப்பா பாளை சீவக் கை நீட்டியபோது, மட்டைகளுக்குள்ளிருந்து அதன் தலை வெளியே வந்தது. இரண்டு முகங்களுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. அப்பாவின் ஒரு கை மரத்தைப் பற்றியிருந்தது. மறு கையில் பாளை அரிவாள் இருந்தது. அவர் அரிவாளை உயர்த்தாமல் தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். மரநாய் அவர் தோளில் கால் வைத்து, முதுகின் வழியே இறங்கி, பனையைப் பற்றிக்கொண்டு கீழே வந்து, என் காலருகே ஓடி மறைந்தது. அப்பா மேலேயே இருந்து, வழக்கம்போல எல்லாப் பாளைகளையும் சீவி முடித்த பிறகே இறங்கினார். தோளில் நகக்கீறல்கள் இருந்தன. ஏன் விரட்டவில்லை என்று கேட்டதற்கு, "அதுக்கும் குடிக்கணும்லா" என்று மட்டும் சொன்னார். அவர் மறைந்த பிறகுதான் அந்தப் பதிலை அடிக்கடி நினைக்கிறேன்.

மரநாயைத் திருடன் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தின்னும் பழங்களின் விதைகள் செரிக்காமல் எச்சத்தோடு விழுகின்றன. எங்கள் விளையின் வேலியோரத்தில் யாரும் நடாமல் முளைத்து நிற்கும் மரங்களில் பாதி அதன் வேலை என்று நான் நம்புகிறேன்.

தக்கலை புறா வளர்ப்பவர்:

மேலே எழுதிய இருவரும் மனம் உருகும்படி எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது; அதையும் இங்கே சேர்த்து வைக்க வேண்டும்.

புறா வளர்ப்பு எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். மொட்டைமாடியில் கூண்டு, விசிறிவால், ஹோமர் இனப் புறாக்கள் அதில் இருந்தன. ஒரு காலையில் தீனிக் கிண்ணத்துடன் ஏறிப் போனபோது வழக்கமான சிறகடிப்பு கேட்கவில்லை. கூண்டுக்குள் இறகுகள் முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தன. அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு ஹோமர் பெட்டை மட்டும் பானைக்குள் உயிரோடு இருந்தது. முட்டையை விட்டு அது எழவே இல்லை. மற்றவற்றில் ஒன்றிரண்டைத் தவிர எதையும் இரவில் வந்த விலங்கு தின்னக்கூட இல்லை, கடித்துப் போட்டிருந்தது.

பூனையாக இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். கூண்டின் அருகே பூந்தொட்டிக்குக் கொட்டி வைத்த செம்மண்ணில் தடம் இருந்தது. பூனையின் தடத்தில் நான்கு விரல்கள்தான் பதியும், நகம் தெரியாது. இதில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. பனையேறி மகன் அவர்களே, உங்கள் தந்தையின் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் அரைக் கலயம் அக்கானி மறுநாள் மறுபடி ஊறும். நான் தலைமுறை தலைமுறையாகச் சோடி சேர்த்து உருவாக்கிய புறாக்கள் ஊறுவதில்லை. பரிவு காட்டச் சொல்பவர்கள் இழந்தவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

குலசேகரம் ரப்பர்த் தோட்டம்:

எங்கள் வீட்டில் மரநாய் கூரை ஓட்டை நகர்த்திவிட்டுப் போன இடைவெளியில் மழை இறங்கி, மகளின் பொதுத்தேர்வுக் குறிப்பேடுகள் அனைத்தும் நனைந்தன. அவள் அழாமல் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் கொடியில் காயப்போட்டாள்; அந்தக் காட்சியைக் கண்ட பிறகுதான் இந்த விலங்கைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் தெரிந்துகொண்டவற்றை, யாரும் கேட்காவிட்டாலும், எழுதுகிறேன். மரநாய்க்காக நஞ்சு வைக்கும் வீடுகளை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஓட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் மங்களூர் ஓடு என்று சொல்வது, 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியாக இந்தக் கரை முழுவதும் பரவிய வகை. அதன் அடிப்புறத்தில் உள்ள கொக்கி கூரையின் குறுக்கே அடித்த மரப்பட்டியலில் மாட்டிக்கொள்கிறது, பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் விளிம்பு அமர்கிறது, அவ்வளவுதான். முகட்டோட்டைச் சாந்து வைத்துப் பூசுகிறோம். மற்ற ஓடுகள் தம் எடையால் மட்டுமே அமர்ந்திருக்கின்றன. ஆகவே உள்ளிருந்து முதுகால் தள்ளினாலே ஓடு எழும். மரநாய்க்கு அதைவிட அதிக வலிமை தேவையில்லை. வளர்ந்த விலங்கு 2 முதல் 5 கிலோ வரை எடை இருக்கும்.

அடுத்து, அது வரும் வழி. வீட்டுக்கு மேல் சாய்ந்த பலா, மாங்கொம்பு, தென்னை மட்டை, கேபிள் கம்பி ஆகியவையே அதன் பாலங்கள். கொம்பைத் தறித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு, அது நுழையும் இடைவெளி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் மாலையில் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவி வையுங்கள். காலையில் தடம் தெரியும், தடத்தின் திசையும் தெரியும். அது இரவில் இரை தேடப் போகும் விலங்கு. ஆகவே வெளியே போன பிறகு, இரவிலேயே, இடைவெளியை அடைக்க வேண்டும். பகலில் அடைத்தால் உள்ளே சிறைப்பட்டு, மச்சுப் பலகையையும் மின்கம்பியையும் பிய்த்துவிடும்.

குட்டிகள் இருந்தால் எதையும் அடைக்கக் கூடாது. ஓர் ஈற்றில் 2 முதல் 5 குட்டிகள்வரை பிறக்கும். தாயை வெளியே வைத்து அடைத்துவிட்டால் குட்டிகள் மச்சிலேயே செத்து நாறும். தாயும் ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டே இருக்கும். இரணியல் சகோதரியின் ஆசாரி செய்தது மிகச் சரி. குட்டிகள் தாயின் பின்னால் வெளியே வரத் தொடங்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

நஞ்சு கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மரநாயைப் பாதுகாக்கிறது; கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றம். அறைக்குள் சிக்கிக்கொண்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழையுங்கள். கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பனையேறி மகன் அவர்களின் தந்தைக்கு ஒன்றும் நேரவில்லை என்பதால் மற்றவர்கள் இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

பூதப்பாண்டி ஆசிரியர்:

இத்தனை விளக்கத்துக்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருந்தாலும், மணத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பாட்டி வீட்டு மச்சிலிருந்து சில இரவுகளில், ரம்பை இலை போட்டு வேகவைத்த சோற்றின் மணம்போல ஒன்று இறங்கும். அடுக்களையில் அடுப்பு அணைந்திருக்கும். கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, நள்ளிரவில் மணம் வந்தால் அது யட்சி என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. மணத்துக்குப் பின்னால் பலகையில் காலடி ஓசை, நிதானமாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகும். என் அண்ணன் போர்வைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓசை நிற்கும்வரை மூச்சே விடமாட்டான்.

அண்ணன்தான் பின்னாளில் அதைக் கண்டுபிடித்தான். அடுக்களைக் கூரையின் கழுக்கோலில் தொங்கிய மட்டி வாழைக் குலையில் பழுத்தவை மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. காய்கள் தொடப்படவே இல்லை. காவல் இருந்து, டார்ச் அடித்தபோது, குலையின் மேல் அமர்ந்து முன்கால்களால் பழத்தைப் பிடித்துத் தோல் உரிந்த பக்கமாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த மணம் அப்போது அறை முழுவதும் இருந்தது. அதன் சுரப்பிகளிலிருந்து வரும் மணம் அது என்று பிற்காலத்தில் படித்தேன். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அண்ணனும் அந்தக் குலையும்தான். அண்ணன் இப்போது இல்லை. யட்சி இல்லை என்று தெரிந்த அன்று அவன் மகிழ்ச்சி அடையவில்லை; அன்றிரவு நெடுநேரம் பேசாமல் இருந்தான். ஏன் என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை.

தக்கலை அண்ணாச்சிக்கு ஒரு சொல். உங்கள் இழப்பு பெரியது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புறாக் கூண்டு மூடிய இடம். பறவைகள் தப்ப முடியாமல் படபடக்கும்போது உள்ளே நுழைந்த விலங்கு பசியில்லாமலும் கடிக்கும். கீரி செய்தாலும் நாய் செய்தாலும் இதுவே நடக்கும். அதை மரநாயின் கொடுங்குணம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கருங்கல் வீட்டுக்காரர்:

எங்கள் வீட்டில் இனி அது வராது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் முற்றத்துப் பலாவை வேரோடு சாய்த்து, வீட்டின் மேற்குப் பாதியை நொறுக்கியது. அடுத்த நாள் காற்று அடங்கிய பிறகு வெளியே வந்து பார்த்தால், கூரை இல்லாத சுவரின் விளிம்பில், பட்டப்பகலில், மரநாய் உட்கார்ந்திருந்தது. நனைந்து பாதியாகச் சுருங்கியிருந்தது. பகலில் அதைப் பார்த்தது அதுவே முதல் தடவை. எங்களைப் பார்த்தும் அது நகரவில்லை; போவதற்கு மரம் இல்லை. தெருவில் ரப்பரும் தென்னையும் வாழையும் எல்லாம் படுத்துக் கிடந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாள்களில் என் மனைவி விழுந்த பலாவின் கனியாத காய்களை அரிந்து வேகவைத்தாள். ஒரு தட்டைச் சுவரடியில் வைத்தாள். காலையில் தட்டு காலியாக இருந்தது, அது தின்றதா தெருநாய் தின்றதா என்று சொல்ல முடியாது.

பிறகு காங்கிரீட் கூரை போட்டோம். கழிவிரக்கத்தோடு இதை எழுதவில்லை. மழைக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் குலசேகரத்து நண்பர் எழுதியதை வாசித்தபோது, கொம்பைத் தறிக்கச் சொன்ன இடத்தில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. பலா முழுவதும் போன வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறேன்: ஒரு கொம்பையாவது, வீட்டுக்கு எட்டாத பக்கமாக, விட்டு வையுங்கள்.

தக்கலை புறா வளர்ப்பவர்:

ஆசிரியர் ஐயா சொன்னதை இருமுறை வாசித்தேன். கொடுங்குணம் என்ற சொல்லை நான் எழுதவில்லை. இறகுகளைக் கூட்டி அள்ளியவனின் கோபத்தைத்தான் எழுதினேன், அது இன்னும் இருக்கிறது. உயிர் தப்பிய அந்தப் பெட்டைக்குச் சோடி சேர்த்திருக்கிறேன். கூண்டைப் புதிதாகக் கட்டப் போகிறேன். குலசேகரத்து நண்பரே, எந்த வலை தாங்கும் என்று மட்டும் சொல்லுங்கள். முன்பு இருந்தது கோழிக்கூண்டு வலை. அறுகோணக் கண்ணியை அது விலக்கிப் பிரித்திருந்தது.

குலசேகரம் ரப்பர்த் தோட்டம்:

கோழி வலை முறுக்கிய கம்பி என்பதால் இழுத்தால் பிரியும். கண்ணிகள் பற்றவைக்கப்பட்ட, துத்தநாகம் பூசிய இரும்பு வலையை அரை அங்குலக் கண்ணியில் வாங்குங்கள். நம் உப்புக் காற்றுக்குத் துத்தநாகப் பூச்சு அவசியம். வலையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் வைத்து, மேலே மரப்பட்டி கொடுத்துத் திருகாணி போடுங்கள், ஆணி வேண்டாம். கதவுக்குக் கொக்கி போதாது, திருகித் திறக்கும் தாழ்ப்பாள் வையுங்கள். மரநாய் கொக்கியைத் தூக்கிவிடும். தரைப் பலகைக்கு அடியிலும் வலை போட மறக்காதீர்கள்.